பார்க்கும் கருவியும் ஓதும் நாவும்

தமிழ் எழுத்தில் புள்ளிக்கு ஒரு தனி வரலாறு உண்டு. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் வகுத்த இலக்கணம். ஆயினும், ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய நம் முன்னோர் பெரும்பாலும் புள்ளி இடாமலே எழுதிச் சென்றனர். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்னும் அச்சமே அதற்குக் காரணம் என்பர். ஏட்டைப் படிப்பவர் விடுபட்ட புள்ளியைத் தம் அறிவினால் இட்டு நிரப்பிக்கொண்டார். அரபு எழுத்திலோ புள்ளியே உயிர். ஒரே வடிவத்தின் கீழே ஒரு புள்ளி இருப்பின் அது 'பே'. மேலே இரண்டு இருப்பின் 'தே'. மூன்று இருப்பின் 'ஸே'. இவ்விரு மரபுகளும் வந்து கூடிய இடமே அரபுத்தமிழ். தமிழை அரபு எழுத்தில் எழுதியும் ஓதியும் வந்த ஒரு சமுதாயத்தின் வழித்தோன்றல்களாகிய நாம் இன்று புள்ளியைப் பற்றிச் சிந்திக்க நேர்ந்ததற்குக் காரணம், நம் துறைக்குப் புதிதாக வந்து சேர்ந்த ஓர் ஒளிப்படக் கருவியாகும்.

அக்கருவி எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் ஏறத்தாழ 2 கோடியே 40 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. அத்தனை புள்ளிகளைக் கைக்கொண்டிருந்தும் ஒரே ஒரு புள்ளியில் நாம் தவறினோம். அத்தவறு நமக்குக் கற்பித்ததனை மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கையில் ஏந்தியபோது

கருவியைச் செய்த நிறுவனத்தின் பெயரைக் கூறின் அது விளம்பரமாக முடியும். ஆதலின் அதனை விடுத்து, அதன் இயல்பை மட்டும் கூறுவோம். 'ஃபுல் ஃபிரேம்' என்று கடைகளில் வழங்கும் வகையைச் சேர்ந்தது அது. முழுச்சட்டகம் என்று நாம் தமிழில் கூறலாம். கருவியும் மின்கலமும், நூற்பக்கங்களை அண்மையிலிருந்து எடுப்பதற்கென வாங்கிய 50 மி.மீ. 'மேக்ரோ' லென்சும் சேர்ந்து ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவான எடை. கைப்பேசியை ஒரு விரலால் தட்டிப் படமெடுத்துப் பழகிய மாணவர் ஒருவர், இக்கருவியை இரு கைகளாலும் பற்றி, மூச்சை அடக்கி, காட்சித் துளையில் கண்ணைப் பதித்து நின்றார். எப்போதும் விரைபவர் அன்று நிதானித்தார். கனமான கருவி மனிதரை நிதானப்படுத்துகிறது என்பதே நமக்குத் தோன்றிய முதல் எண்ணம்.

இரண்டாவது எண்ணம் வியப்பும் சிறிது ஐயமும் கலந்தது. காட்சித் துளையில் நாம் காண்பது எதிரிலுள்ள பொருளை நேரே அன்று. உள்ளே அமைந்த ஒரு சிறு திரையை. மாலை மங்கிய அறையையும் அது வெளிச்சமாகக் காட்டிற்று. நம் கண் காணாததைக் கருவி கண்டது. அப்படியாயின் இனி நம் கண்ணுக்கு என்ன வேலை என்னும் வினா அப்போதே எழுந்தது. அதற்குரிய விடை பின்னரே கிடைத்தது.

முழுச்சட்டகம் என்பதன் பொருளை மாணவர்கள் அறிதல் நன்று. ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பர்னாக் என்பவர், திரைப்படத்துக்குரிய சுருளின் இரண்டு சட்டங்களை ஒன்றாக இணைத்து, 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. உயரமும் உள்ள ஒரு படச்சட்டத்தை அமைத்தார். அவ்வமைப்புடைய லைக்கா கருவி 1925-இல் விற்பனைக்கு வந்தது. நம் பெரியோர்கள் மணவீடுகளிலும் கல்லூரி விழாக்களிலும் கண்ட 36 படச் சுருள் அந்த அளவினதே. படச்சுருள் இருந்த இடத்தில் அதே அளவில் ஒளியை உணரும் மின்னணுத் தகட்டை வைத்தால் அது முழுச்சட்டகக் கருவி. 2002-இல் வெளிவந்த கேனன் இஓஎஸ் 1டிஎஸ் இவ்வகையில் முன்னோடிகளுள் ஒன்று. அதன் படப்புள்ளிகள் 1 கோடியே 10 இலட்சம். அதற்கு 27 ஆண்டுகள் முன்னர், 1975-இல், ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் மின்னணு ஒளிப்படக் கருவியில் இருந்தவை வெறும் 10,000 புள்ளிகள். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 நொடிகள் வேண்டியிருந்தன.

முழுச்சட்டகத் தகட்டின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். ஓர் அஞ்சல் தலை அளவு எனலாம். பெரும்பாலான கைப்பேசிகளில் உள்ள தகடு சுண்டுவிரல் நகத்தளவே. பெரிய முற்றத்தில் மழைநீர் மிகுதியாக விழுவதுபோலப் பெரிய தகட்டில் ஒளி மிகுதியாக விழும். ஒளி குறைந்த பழைய வீடுகளில் இக்கருவியின் படம் தூசு படிந்தாற்போல் மங்காமல் தெளிவாக அமைவதற்கு இதுவே காரணம்.

இன்னொரு செய்தியும் சிந்திக்கத்தக்கது. தகட்டின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றனுள் ஒரு நிறத்தை மட்டுமே உணரும். கோடாக் நிறுவனத்தைச் சார்ந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. புள்ளிகளுள் பாதி பச்சைக்குரியவை. தான் உணராத இரு நிறங்களையும் ஒவ்வொரு புள்ளியும் தன் அண்டைப் புள்ளிகளைக் கொண்டே கணித்துக்கொள்கிறது. கண்டது மூன்றில் ஒரு பங்கு, எஞ்சியது கணிப்பு. கருவியின் சான்று முற்றும் நேர்க்காட்சியே என்று எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இருண்ட அறையின் கொடை

ஒளிப்படக் கருவியைப் பற்றி நம் கல்லூரி மலர் ஒன்றில் எழுதும்போது இப்னுல் ஹைத்தம் அவர்களை நினையாமல் இருத்தல் இயலாது. பஸ்ராவில் ஏறத்தாழ 965-இல் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து ஏறத்தாழ 1040-இல் மறைந்த அப்பேரறிஞர், 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஒளியியல் நூலை இயற்றினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதனாலேயே காட்சி உண்டாகிறது என்று யூக்ளிடும் தாலமியும் கருதினர். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதனாலேயே நாம் காண்கிறோம் என்று இப்னுல் ஹைத்தம் நிறுவினார். பல விளக்குகளை வரிசையாக வைத்து, அவற்றின் ஒளியை ஒரு சிறு துளையின் வழியாக இருண்ட இடத்துள் செலுத்தி, கதிர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் தனித்தனியே செல்வதைக் காட்டினார். இன்றைய கருவியும் அடிப்படையில் ஒரு துளையும் ஓர் இருண்ட பெட்டியுமே.

ஈண்டு ஒரு திருத்தமும் கூறல் வேண்டும். 'கேமரா' என்னும் சொல்லே அரபு மொழியிலிருந்து பிறந்தது என்று நம் மேடைகளில் சிலர் முழங்கக் கேட்டிருக்கிறோம். அது பொருந்தாது. வளைந்த கூரையுடைய அறை என்னும் பொருளில் கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்குச் சென்ற சொல் அது. இப்னுல் ஹைத்தம் அவர்களின் பெருமைக்கு இல்லாத ஒரு சொற்பிறப்பு வேண்டுவதில்லை. இருக்கும் சான்றே போதும்.

அச்சான்று நம் கைக்கு வந்த வரலாறுதான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. அவரது நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572-இல் பேசல் நகரில் ஃபிரெட்ரிக் ரிஸ்னர் என்பவரால் அச்சிடப்பெற்றது. அதே 1572-ஆம் ஆண்டில்தான் வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' மதுரையில் அரங்கேறியது. முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையது அதுவே. இரண்டும் நமக்கு எஞ்சியமைக்குக் காரணம் ஒன்றே. படிக்கத் தெரிந்தவர்கள் வழிவழியாக இருந்தார்கள், படித்தார்கள், படி எடுத்தார்கள்.

கிதாபின் முன்னே

விழா மேடைகளில் சிறப்பு விருந்தினர்களைப் படமெடுக்கவே கருவி வாங்கப்பட்டது என்று மாணவர்கள் எண்ணியிருந்தனர். நம் எண்ணம் வேறு. கடற்கரையூர் ஒன்றில் வாழும் மூதாட்டி ஒருவரிடம் கையால் எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபு ஒன்று இருப்பதாக அறிந்து, மாணவர் இருவருடன் அவர் இல்லத்துக்குச் சென்றோம். எண்பது வயதைக் கடந்தவர். மரப்பெட்டியிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிய கிதாபை எடுத்துத் தந்தார். ஹிஜ்ரி 1304, அதாவது கி.பி. 1886-87, என்று இறுதிப் பக்கத்தில் ஆண்டு காணப்பட்டது. மார்க்கச் சட்டங்களை எளிய தமிழில் விளக்கும் நூல். தம் உம்மாவும் உம்மாவின் உம்மாவும் ஓதிய கிதாபு என்றும், தமக்குக் கண் மங்கியபின் அதனைத் திறந்தே பல ஆண்டுகள் ஆயின என்றும் கூறினார்.

நூலை விரித்து அழுத்தினால் தையல் விட்டுப்போகும். என் செய்வது என்று நாம் தயங்கியபோது, அவ்வம்மையாரே தாம் குர்ஆன் ஓதும் ரெஹால் பலகையைக் கொண்டுவந்து வைத்தார். கிதாபு அதில் வருத்தமின்றி அமர்ந்தது. எந்த நூலகக் கருவிக்கும் அப்பலகை குறைந்ததன்று.

முதல் நாள் நாம் எடுத்த படங்களுள் பல பயனற்றுப் போயின. குறை கருவியினுடையதன்று, நம்முடையது. நிறத்தைக் கருவியே சரிசெய்துகொள்ளட்டும் என்று விட்டோம். பழுப்பேறிய தாள் அது புதுத்தாள் போல வெளுத்துத் தோன்றியது. லென்சின் துளையை அகலத் திறந்து எடுத்தோம். பக்கத்தின் நடுப்பகுதி தெளிவாகவும், தையலை நோக்கி வளைந்த பகுதி மங்கலாகவும் அமைந்தன. முழுச்சட்டகக் கருவியில் தெளிவின் ஆழம் குறைவு என்பதை அன்று கற்றோம். துளையைச் சுருக்கி எஃப் 11-இல் வைத்து, முக்காலியில் கருவியைப் பூட்டி, சாம்பல் நிற அட்டையையும் அளவுகோலையும் பக்கத்தின் ஓரத்தில் வைத்து, இரு விளக்குகளின் ஒளியைச் சாய்வாக விழச்செய்தபின் படங்கள் சீராயின.

அவ்வாறு எடுத்த படத்தில் 12 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் அடங்கும். ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 500 படப்புள்ளிகள். அரை மில்லிமீட்டர் அகலமுள்ள மைப்புள்ளி ஒன்று, படத்தில் குறுக்கே பத்துப் படப்புள்ளிகளாக விரியும். படங்கள் இரண்டு நினைவட்டைகளில் ஒரே நேரத்தில் பதிந்தன. ஒன்று கெடினும் ஒன்று எஞ்சும் என்னும் ஏற்பாடு மனத்துக்கு ஆறுதல் தந்தது. பிறர் பொருளைக் கையாள்வோர்க்கு அது ஓர் அமானிதக் காப்பும் ஆகும்.

மாணவர்கள் கருவியைச் சுற்றி நிற்கக் கண்ட அம்மையார், "இந்தப் பெட்டி எல்லாத்தையும் பார்க்குதே வாப்பா, ஓதுமா?" என்று கேட்டார். நாம் புன்னகைத்து, "பார்க்க மட்டுந்தான் தெரியும் உம்மா" என்றோம். அன்று அதனை வேடிக்கை வினாவாகவே கொண்டோம்.

ஒரு புள்ளியில் நேர்ந்த தவறு

அரபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக நம் முன்னோர் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டனர். எழுதுவோர்க்கு எழுதுவோர் சிறு வேறுபாடுகள் உண்டெனினும் பெருவழக்கு இதுவே. 'தால்' என்னும் எழுத்தின் கீழே புள்ளி இட்டால் 'ட'. 'ஃபே' என்னும் எழுத்தின் கீழே இட்டால் 'ப'. மேலே புள்ளி பெற்ற 'நூன்' கீழேயும் ஒரு புள்ளி பெற்றால் 'ண'. ஆகவே, கீழ்ப்புள்ளி ஒன்று மறைந்தால் 'மணம்' என்பது 'மனம்' ஆகும். 'பணி' என்பது 'பனி' ஆகும்.

கிதாபின் ஒரு பக்கத்தில், நூன் எழுத்தின் கீழே கரிய துகள் ஒன்று தெரிந்தது. புள்ளியா, புழு அரித்த துளையா என்று கண்ணால் தெளிய இயலவில்லை. துறைக்குத் திரும்பிப் படத்தைப் பெரிதாக்கி நோக்கினோம். மைப்புள்ளியாயின் அதன் விளிம்பு தாளின் நாரில் சற்றே பரவியிருக்கும். இதிலோ விளிம்பு வெட்டினாற்போல் இருந்தது. உள்ளே நிழல் தெரிந்தது. அடுத்த ஏட்டிலும் அதே இடத்தில் துளை இருந்தது. ஐயமில்லை, அது புழுத்துளையே. கருவியின் கூர்மையை வியந்தோம். மாணவர் அச்சொல்லைக் கீழ்ப்புள்ளியின்றி 'மனம்' என்று பெயர்த்தெழுதினார். 'மனம் பொருந்தும் வகை' என்று தொடர் அமைந்தது. மணமக்களின் இசைவைக் கூறுவதாகக் கொண்டு நாமும் ஒப்பமிட்டோம்.

இரண்டு வாரம் கழித்து, படங்களின் படி ஒன்றை அம்மையாரிடம் சேர்ப்பிக்கச் சென்றோம். கணினித் திரையில் பக்கங்களை உள்ளங்கை அகல எழுத்துகளாகப் பெரிதாக்கிக் காட்டினோம். சில நொடிகள் உற்று நோக்கியவர் மெல்ல ஓதத் தொடங்கினார். இளமையில் ஓதிய அதே இராகம். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் வந்தது. மாணவர் தம் ஏட்டை வைத்துக்கொண்டு ஒப்புநோக்கி வந்தார். நம் சொல் வந்த இடத்தில் அவர் தடுமாற்றமின்றி 'மணம் பொருந்தும் வகை' என்று ஓதினார். மாணவர் இடைமறித்து, அங்கே புள்ளி இல்லை, துளைதான் இருக்கிறது என்றார். அம்மையார் திரையை நோக்காமலே, "அடுத்த வரியிலே மஹரும் சாட்சியும் வருதே வாப்பா, அது நிக்காஹ் நிறைவேறுற பாடம். புள்ளியைப் புழு தின்னிருக்கும்" என்றார்.

கருவி பொய் கூறவில்லை. அங்கே துளை இருப்பதாகக் கூறிற்று, அது உண்மை. துளை விழுவதற்கு முன் அவ்விடத்தில் புள்ளி இருந்ததா என்பதைக் கருவியால் கூற இயலாது. இல்லாததை இல்லை என்று கண்ட நாம், இருந்திருக்கக்கூடியதனை எண்ணாமல் விட்டோம். மனப்பொருத்தம் ஒரு சட்டப் பாடம். மணம் நிறைவேறும் நிபந்தனை வேறொரு சட்டப் பாடம். 2 கோடிப் படப்புள்ளிகளைக் கொண்டு நாம் தவறவிட்ட ஒரு புள்ளியை, கண் மங்கிய ஒரு மூதாட்டி தம் கல்வியினால் மீட்டுத் தந்தார். 'ஓதுமா' என்று அவர் கேட்ட வினாவின் ஆழம் அப்போதே நமக்கு விளங்கிற்று.

பார்த்தல் வேறு, ஓதல் வேறு

நம் கருத்து இதுவே. பழைய நூல்களைப் படமெடுத்துவிட்டால் காத்துவிட்டோம் என்னும் எண்ணம் பரவி வருகிறது. அது பாதி உண்மை. தாள் அழியும் முன் படம் எடுப்பது கடமை. ஆயினும் எழுத்தறிந்தவர் மறையும் முன் எழுத்தைக் கற்றுக்கொள்வது அதனினும் அவசரக் கடமை. தாள் இன்னும் ஐம்பது ஆண்டுகள் பெட்டியில் கிடக்கலாம். எண்பது வயது மூதாட்டிக்கு அத்தகைய தவணை இல்லை. ஓதுவார் இல்லாத எழுத்தின் படம், எத்துணைத் தெளிவாயினும், பூட்டிய வீட்டின் படமே ஆகும்.

இழப்பு எத்தகையது என்பதற்கு நம் இலக்கிய வரலாறே சான்று. இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்பெறும் 'பல்சந்தமாலை' இன்று நூலாக இல்லை. களவியற்காரிகையின் உரையாசிரியர் மேற்கோளாக எடுத்தாண்ட எட்டுப் பாடல்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. அவ்வுரையாசிரியர் அதனைப் படித்திருந்ததால் அந்த எட்டும் பிழைத்தன. உமறுப்புலவரின் சீறாப்புராணம் 1842-இல் அச்சேறியதும் அவ்வாறே. செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் புலமை பெற்றிருந்தார். ஏடு தேடி ஊரூராக அலைந்த உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோதும், ஏட்டைக் கண்டெடுத்ததனினும் அதனைப் படித்துப் பொருள் கண்டதே அரிய உழைப்பாக இருந்தது.

அரபுத்தமிழுக்கு இத்தகைய உழைப்பு நிகழவில்லை என்று கூறுவதற்கில்லை. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று போற்றப்பெறும் கீழக்கரை செய்யிது முஹம்மது ஆலிம் (1816-1898) போன்றோர் அவ்வெழுத்தில் மார்க்க நூல்களை எழுதிப் பரப்பினர். தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் அம்மரபின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்து 1993-இல் ஆங்கிலத்தில் பெருநூல் வெளியிட்டார். பேராசிரியர் ம.மு. உவைஸ் அவர்களும் பீ.மு. அஜ்மல்கான் அவர்களும் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதித் தந்தனர். வரலாறு எழுதப்பட்டுவிட்டது. எழுத்தை ஓதும் இளைஞர் எத்தனை பேர் என்பதே இன்றைய கேள்வி. நம் வகுப்பில் அதனைக் கேட்டபோது ஒரு கையும் உயரவில்லை.

எழக்கூடிய ஐயங்கள்

கைப்பேசி போதாதா, விலையுயர்ந்த கருவி எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒன்றும் இல்லாமைக்குக் கைப்பேசிப் படம் ஆயிரம் மடங்கு மேல். நல்ல வெளிச்சத்தில் அது தெளிவாகவே எடுக்கும். ஆனால் கைப்பேசி தானாகவே படத்தை மெருகேற்றும், கறையை மென்மையாக்கும், விளிம்பைக் கூராக்கும். புழுத்துளைக்கும் மைப்புள்ளிக்கும் உள்ள வேறுபாடே வழக்காக நிற்கும் இடத்தில் அந்த ஒப்பனை கூடாது. மெருகேற்றாத மூலப்பதிவை அப்படியே சேமித்துத் தருவதே இத்தகைய கருவியின் முதன்மைப் பயன்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, நாளை அதுவே படித்துவிடும் என்று மாணவர் சிலர் கூறினர். படிக்கட்டும், வரவேற்போம். ஆனால் அதற்கும் முதலில் பாடம் சொல்லிக்கொடுக்க ஓதத் தெரிந்த மனிதர் வேண்டும். அது 'மனம்' என்று படித்தால், 'மணம்' என்று திருத்தவும் ஒருவர் வேண்டும்.

ஒளிப்படத்தைப் பற்றி மார்க்க அடிப்படையில் தயக்கம் கொள்ளும் பெரியோரும் நம்மிடையே உளர். அவர்கள் கருத்தை மதிக்கிறோம். 1914 முதல் எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல்முத்தீஈ, ஒளிப்படம் புதிதாக உருவம் படைப்பதன்று, உள்ளதன் நிழலைத் தடுத்து நிறுத்துவதே என வாதிட்டுத் தனிநூலே எழுதினார். அதனை ஏற்காத ஆலிம்களும் இருந்தனர். அக்கருத்து வேறுபாடு உயிருள்ளவற்றின் உருவத்தைப் பற்றியது. எழுத்தின் படம் அதனுள் அடங்காது. நாமும் அம்மையாரின் கிதாபைப் படமெடுத்தோமே அன்றி அவரைப் படமெடுக்கவில்லை. அவர் இசைவுடன் குரலை மட்டும் பதிந்துகொண்டோம்.

செய்யத்தக்கவை

நம் கல்லூரியும் சமுதாயமும் சிந்திக்கச் சில முன்மொழிவுகளை வைக்கிறோம்.

முதலாவதாக, தமிழ்த்துறையும் அரபுத்துறையும் இணைந்து அரபுத்தமிழ் ஓதும் வகுப்பொன்றை வரும் பருவத்திலேயே தொடங்குதல் வேண்டும். தமிழ் மாணவருக்கு அரபு எழுத்தும், அரபு மாணவருக்குப் பழந்தமிழ் நடையும் துணை செய்யும். இவ்விரண்டு துறைகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வாய்ப்பு நம்மைப் போன்ற கல்லூரிகளுக்கே உரியது. வகுப்புக்கு ஆசிரியர்களாக ஓதத் தெரிந்த முதியோரை, குறிப்பாகத் தாய்மார்களை, மதிப்பூதியம் தந்து அழைத்தல் வேண்டும். அவர்களால் வர இயலாவிடின் மாணவிகள் அவர்கள் இல்லம் செல்லலாம்.

இரண்டாவதாக, படமெடுக்கும் ஒவ்வொரு பக்கமும் ஒருவர் நாவால் ஓதப்பட்டு ஒலிப்பதிவாதல் வேண்டும். நம் கருவியே ஒலியையும் பதியும். படமும் குரலும் ஒரே எண்ணின்கீழ்ச் சேமிக்கப்படின், எதிர்காலத்தில் ஐயம் எழும் இடத்தில் குரல் சான்று கூறும்.

மூன்றாவதாக, படங்கள் மூன்று படிகளாக, இரண்டு வேறு ஊர்களிலேனும் இருத்தல் வேண்டும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் படியில்லாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. ஓரிடத்தில் மட்டும் உள்ளது எவ்விடத்திலும் இல்லாததற்கு ஒப்பாகிவிடும் நாள் ஒன்று வரலாம்.

நான்காவதாக, கிதாபு உரியவர் வீட்டிலேயே இருக்கட்டும். நாம் எடுத்துவர வேண்டியது படத்தை மட்டுமே. பல கிதாபுகளின் வெற்றுப் பக்கங்களில் குழந்தை பிறந்த நாளும், கொடுத்த கடனும், குடும்பச் செய்திகளும் எழுதப்பட்டிருக்கும். அவை அமானிதம். உரியவர் இசைவின்றி அவற்றை வெளியிடுதல் கூடாது. படிகளுள் ஒன்று அவர்களுக்கே முதலில் சேர்தல் வேண்டும்.

சமுதாயப் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்துப் பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் பழைய கிதாபுகளைப் பொருளறியாமல் ஆற்றிலோ கடலிலோ விட்டுவிடாதீர்கள். கண்ணியம் கருதியே அவ்வாறு செய்கிறீர்கள் என்பதை அறிவோம். விடுமுன் ஒருமுறை நமக்குச் சொல்லியனுப்புங்கள். உங்கள் வீட்டில் ஓதத் தெரிந்த மூத்தவர் இருப்பின், கிதாபைப் பற்றிக் கூறுமுன் அவரைப் பற்றிக் கூறுங்கள். நாம் முதலில் அவரிடமே வருவோம்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். புதிய கருவியைக் கற்பதில் உங்களுக்குள்ள விரைவைக் கண்டு மகிழ்கிறோம். எஃப் 11 என்றால் என்னவென்று ஒரே மாலையில் கற்றுக்கொண்ட உங்களுக்குச் சில புதிய எழுத்துகளைக் கற்பது அரிதன்று. திருமறையில் முதன்முதலாக அருளப்பெற்ற கட்டளை ஓதுதலைப் பற்றியது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இக்கட்டுரை அச்சுக்குச் செல்லும் நாளில், அவ்வம்மையாரின் கிதாபில் பாதிக்கு மேல் அவர் குரலில் பதிவாகியுள்ளது. அன்று 'மனம்' என்று எழுதிய மாணவர் இன்று வாரந்தோறும் அவர் முன் அமர்ந்து பாடம் கேட்கிறார். பிழையாக ஓதினால் அம்மையார் ரெஹால் பலகையில் விரலால் தட்டுகிறாராம். எஞ்சிய பக்கங்களையும் ஓதி முடிக்கும் ஆயுளை அவருக்கும், கேட்டு முடிக்கும் பொறுமையை நம் மாணவருக்கும் வல்ல இறைவன் அருள்வானாக. ஆமீன்.